‘உடனே பின்னால் என்ன நடந்தது?’: கற்றல் கோட்பாடுகளைச் சிகிச்சை அறைக்குள் கொண்டுவருவது பற்றி

கேள்வி இது. கேட்டவர் ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் ஆலோசகராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. படிப்பில் ஓர் ஓசையைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கற்ற பாவ்லவின் நாய், பலன் கிடைத்ததால் நெம்புகோலை அழுத்தக் கற்ற ஸ்கின்னரின் எலி எல்லாம் வந்தன, தேர்வும் எழுதியாயிற்று. ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும்போது அவற்றில் எதை எடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. தவிர, மனிதரை மிருகத்தைப் பழக்குவதுபோல் நடத்துகிறோமோ என்ற உறுத்தலும் இருக்கிறது. இவை உண்மையில் பயன்படுகின்றனவா என்று கேட்கிறார்.

பயன்படுகின்றன. 17 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் இந்த வேலையைச் செய்கிறேன், இவற்றைத் தொடாமல் ஒரு வாரம்கூடப் போனதில்லை. ஆனால் ‘எதை எடுத்து என்ன செய்வது’ என்பது இரண்டாவது கேள்வி. ஒருவர் நம் எதிரே வந்து உட்காருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அவர் வாழ்க்கையில் ஒரு பாடம் நடக்க ஆரம்பித்துவிடுகிறது. ஏதோ ஒன்று தினமும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அது எது என்று பார்க்காமல் நாம் கொடுக்கும் பயிற்சியெல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான். ஆகவே முதலில் அதைப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன்.

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. (இங்கே நான் சொல்லும் எல்லாருமே பல பேரைக் கலந்து, விவரங்களை மாற்றி எழுதியவர்கள்.) வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பத்தாவது மாடி. கணவர் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார். கடைசியாக வீட்டை விட்டுக் கிளம்புவது இவர். கதவைப் பூட்டுவார், இரும்புக் கேட்டைப் பூட்டுவார், மின்தூக்கிவரை போவார். சந்தேகம் வரும். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அடுப்பு? மறுபடி திறந்து உள்ளே போவார். எம்ஆர்டி ரயில் நிலையம்வரை போய்விட்டுத் திரும்பிய நாட்களும் உண்டு. கடைசியில் தம்பதியர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பூட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்புவார், கணவர் பார்த்துவிட்டு ‘பூட்டியாச்சும்மா’ என்று பதில் போடுவார். அந்த ஒரு சொல் வந்ததும் இவருக்கு மூச்சு வரும். முதலில் ஒரு படம், ஒரு பதில். இரண்டு வருடத்தில் காலை ஒன்பது மணிக்குள் ஏழெட்டுப் படம், ஏழெட்டுப் பதில், சில நாள் அழைப்பும்.

இந்தக் கதையில் கற்றல் எங்கே நடக்கிறது? பலர் ‘சின்ன வயதில் வீட்டில் திருட்டு நடந்ததா?’ என்று பின்னோக்கிப் போவார்கள். கேட்கலாம், தவறில்லை. ஆனால் நான் முதலில் கேட்பது: ‘செய்ததும், உடனே பின்னால் என்ன நடந்தது?’ பதற்றம் இறங்கியது. சில நொடிகளில். அந்த நிம்மதிதான் ஆசிரியர். ‘நீ சரிபார்த்ததால்தான், கேட்டதால்தான் தப்பித்தாய்’ என்று அது ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொடுக்கிறது. நாளைக்கு அதே சந்தேகம் வரும்போது கை தானாகக் கைப்பேசியை எடுக்கும்.

பாடப்புத்தகத்தில் எதிர்மறை வலுவூட்டல் என்று படித்திருப்பீர்கள். நிறையப் பேர் அதைத் தண்டனை என்று நினைத்துத் தேர்வில் மதிப்பெண்ணை இழப்பார்கள். அதைவிட மோசம், அந்தக் குழப்பத்தோடேயே வேலைக்கும் வந்துவிடுவார்கள். இங்கே எதிர்மறை என்றால் ஒன்று நீங்குவது, அவ்வளவுதான். மழையில் குடையை விரித்ததும் நனைவது நிற்கிறது, அடுத்த மழையிலும் குடையை விரிக்கிறோம். வேதனையான ஒன்று நீங்குவதால் ஒரு செயல் பலப்படுகிறது. 1947இல் மௌரர் என்ற உளவியலாளர் இதை இரண்டு கட்டமாக விளக்கினார். ஒரு பொருளோ இடமோ பயத்தோடு சேர்ந்துகொள்வது முதல் கட்டம், அது பாவ்லவின் நாய் கற்ற வகை. அதைத் தவிர்ப்பதால் வரும் நிம்மதி தவிர்ப்பைப் பலப்படுத்துவது இரண்டாம் கட்டம், அது ஸ்கின்னரின் எலி கற்ற வகை. அவருடைய கோட்பாட்டில் பிறகு பல திருத்தங்கள் வந்துவிட்டன. ஆனாலும் அறைக்குள் உட்கார்ந்து யோசிக்க இன்றைக்கும் இதைவிடக் கைக்கு அடக்கமான கருவி எனக்குக் கிடைத்ததில்லை.

சிங்கப்பூரில் 2016இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, 28 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இப்படிப்பட்ட எண்ணச் சுழற்சி நோய், நாம் ஓசிடி என்று சொல்வது, வருகிறது. நோய் தொடங்கியதிலிருந்து உதவி நாடும்வரை ஆகும் இடைநிலைக் காலம் 11 ஆண்டு. அந்த எண்ணை நான் வெட்கத்தின் கணக்காக மட்டும் பார்ப்பதில்லை. 11 ஆண்டு தினமும் நடந்த பயிற்சி அது. நம்மிடம் வரும்போது அவர் அந்தப் பாடத்தில் தேர்ந்தவராக வருகிறார். ஆறு அமர்வில் மறந்துவிடுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இனி நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும், இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். அந்தப் பெண்மணி ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் எழுந்திருக்கும்போது கேட்பார்: ‘எனக்குப் பைத்தியம் பிடிச்சிடாதே?’ நான் ஒவ்வொரு முறையும் ‘கண்டிப்பா இல்லை’ என்று சொல்லி அனுப்புவேன். ஒரு நோயாளிக்குத் தைரியம் சொல்வதில் என்ன குறை? மூன்றாம் மாதம் அமர்வுகளுக்கு நடுவில் குறுஞ்செய்தி வர ஆரம்பித்தது. அதே கேள்வி. நானும் பதில் போட்டேன். என் மேற்பார்வையாளரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: ‘கணவர் அனுப்பும் பதிலுக்கும் நீ அனுப்பும் பதிலுக்கும் என்ன வித்தியாசம்?’ நான் பேசாமல் இருந்தேன். வீட்டில் ஒரு கணவர், கிளினிக்கில் இன்னொரு கணவர், அவ்வளவுதான் நான் செய்துகொண்டிருந்த சிகிச்சை.

அன்பிலிருந்து வந்த செயல்தான் அது. கணவர் செய்ததும் அப்படித்தான். எங்கே துன்பம் வருடக்கணக்கில் நிலைத்து நிற்கிறதோ அங்கே பெரும்பாலும் அன்பான ஒருவர் பக்கத்தில் நின்று நிம்மதி கொடுத்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் குடும்பத்தாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் தொனி நம் குரலில் ஒருபோதும் வரக் கூடாது. ‘நீங்கள் செய்ததால்தான் வளர்ந்தது’ என்று அந்தக் கணவரிடம் சொல்லியிருந்தால் அவர் அடுத்த முறை வந்திருக்கமாட்டார். ‘இவ்வளவு நாள் இவருடைய பாரத்தை நீங்களும் சேர்ந்து தூக்கியிருக்கிறீர்கள், இப்போது வேறு மாதிரி தூக்க வேண்டும்’ என்றேன். அவர் கண் கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

என்ன செய்தோம்? 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் ஓசிடி நோயாளிகள் இருவரிடம் ஒன்றை முயன்று பார்த்து எழுதினார். பயப்படும் சூழலை நேராகச் சந்திக்க வைப்பது, ஆனால் வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருக்க உதவுவது. இன்றும் ஓசிடிக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் உளவியல் சிகிச்சை இதன் வளர்ச்சிதான். எங்கள் விஷயத்தில் அந்தப் பெண்மணியே படிக்கட்டைத் தீர்மானித்தார். முதல் வாரம் படம் அனுப்பலாம், கணவர் பத்து நிமிடம் கழித்துத்தான் பதில் போடுவார். அப்புறம் படம் அனுப்பலாம், பதிலில் ‘பூட்டியாச்சு’ என்ற சொல் இருக்காது. அதற்குப் பதிலாக என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே தேர்ந்தெடுத்துக் கணவருக்கு எழுதிக் கொடுத்தார்: ‘சந்தேகம் வந்திருக்குன்னு தெரியுது. சாயந்திரம் பேசலாம்.’ பிறகு படமே இல்லை. எனக்கு வரும் குறுஞ்செய்திக்கும் அதே விதிதான். கடைசிக் கேள்விக்கு நான் ‘உறுதியாகத் தெரியாமல் இன்றைக்கு வீடு போய்ச் சேர முடிகிறதா என்று பார்ப்போமா?’ என்று திருப்பிக் கேட்க ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாரம் அவருக்கு என்மேல் கோபம். அந்தக் கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஏன் திடீரென்று மாறினேன் என்று முன்கூட்டியே விளக்காமல் விட்டது என் இரண்டாவது தவறு.

பயத்துக்கு நேரே போகும் எக்ஸ்போஷர் சிகிச்சை பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1924இலேயே மேரி கவர் ஜோன்ஸ் மூன்று வயது நிறையாத பீட்டர் என்ற குழந்தையின் முயல் பயத்தைப் போக்கிக் காட்டினார். குழந்தை பிடித்ததைச் சாப்பிடும்போது முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். 1958இல் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசஃப் வோல்பே இதே வழியில், உடலைத் தளர்த்திக்கொண்டு பயத்தின் படிகளைக் கற்பனையில் ஏறும் முறையை எழுதினார். வகுப்பில் இதைத்தான் அதிகம் சொல்லியிருப்பார்கள்: பதற்றம் இறங்கும்வரை அங்கேயே இரு, இறங்கியதும் பயம் அழிந்துவிடும்.

பயம் அழிவதில்லை என்பதுதான் பிறகு தெரிந்தது. அணைந்த எதிர்வினை சிறிது காலம் கழித்துத் தானாகத் திரும்பி வருவதைப் பாவ்லவே பார்த்திருந்தார். மார்க் பௌட்டன் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியது இன்னும் முக்கியம். பழைய பாடம் அப்படியே இருக்கிறது, அதன்மேல் ஒரு புதிய பாடம் ஏறுகிறது, அந்தப் புதிய பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இது அறைக்குள் எப்படித் தெரியும்? மின்தூக்கியில் ஒரு முறை அரை மணி நேரம் சிக்கிக்கொண்ட ஒருவர். அதன்பிறகு 14 மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். என்னோடு என் கட்டடத்து மின்தூக்கியில் ஆறு வாரம் போய் வந்தார், நன்றாகவே பழகிவிட்டார். அவர் புளோக்கில் முதல் நாளே வியர்த்துக் கொட்டித் திரும்பிவிட்டார். அவர் கற்றது ‘இந்தக் கட்டடத்தில், இந்த ஆள் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை’ என்பதை. அதற்குப் பிறகு இடத்தை மாற்றினோம்: அவர் புளோக், பழைய கடைத்தொகுதி, கண்ணாடி வைத்தது, வைக்காதது, காலை, இரவு, தனியாக, கூட்டத்தோடு. இப்போதெல்லாம் மூன்றாவது அமர்வுக்குள் அறையை விட்டு வெளியே போய்விடுவேன். புளோக்கின் கீழ்த்தளத்துத் திறந்தவெளியான வாய்ட் டெக், உணவங்காடி, எம்ஆர்டி நடைமேடை இவையெல்லாம்தான் சிகிச்சை அறை. நிலையத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் போங்கள்.

இன்னொன்று. மிஷெல் கிராஸ்க் போன்றோர் சொல்வது, எக்ஸ்போஷரில் பதற்றம் இறங்கியதா என்பதைவிட, எதிர்பார்த்தது பொய்த்ததா என்பது முக்கியம். ஆகவே உள்ளே போவதற்கு முன் ‘எவ்வளவு பயம், பத்துக்கு எத்தனை?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், எத்தனை நிமிடத்தில்?’ என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இவர் எழுதியது: ‘மூன்று நிமிடத்தில் மூச்சு நின்றுவிடும்.’ ஆறு நிமிடம் மேலும் கீழுமாகப் போய் வந்தோம். வெளியே வந்ததும் நான் ஒன்றும் விளக்கவில்லை, அந்தத் தாளைக் கொடுத்து அவரையே வாசிக்கச் சொன்னேன். நாம் முந்திக்கொண்டு ‘பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை!’ என்று சொல்லிவிட்டால், கண்டுபிடித்த உரிமை அவரிடமிருந்து நம்மிடம் வந்துவிடுகிறது.

நீங்கள் குடும்பச் சேவை நிலையத்தில் இருப்பதால் வீட்டுச் சண்டைகள்தான் அதிகம் வரும். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வருடத்துப் பிள்ளை, கையில் கைப்பேசி, அம்மா வேலை முடிந்து வந்து ‘அதை வெச்சிட்டுக் கணக்கை எடு’ என்கிறார். பிள்ளை கத்துகிறான். அம்மா குரலை உயர்த்துகிறார். அவன் கதவை அறைகிறான். ‘சரி, என்னமோ பண்ணு’ என்று அம்மா விலகுகிறார், வீடு அமைதியாகிறது. இப்போது உடனே பின்னால் என்ன நடந்தது என்று இருவருக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பிள்ளைக்குக் கணக்கு நீங்கியது, ஆகவே கத்துவது பலப்பட்டது. அம்மாவுக்குக் கத்தல் நீங்கியது, ஆகவே விட்டுக்கொடுப்பது பலப்பட்டது. ஒருவருக்கொருவர் நிம்மதியைக் கொடுத்து ஒருவரையொருவர் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஜெரால்ட் பேட்டர்சன் குடும்பங்களை வீட்டுக்கே போய்க் கவனித்து விளக்கிய பொறி இது. இதை அம்மாவிடம் ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள். ‘நான் மோசமான அம்மா’ என்று நினைத்துக்கொண்டு வந்தவர் முகத்தில் ஒரு தெளிவு வரும்.

அதற்காக உடனே ‘கத்தினால் கண்டுகொள்ளாதீர்கள்’ என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். புதிதாக வந்த ஆலோசகர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பலன் நின்றதும் ஒரு செயல் உடனே குறைவதில்லை, பெரும்பாலும் முதலில் கூடும். பொத்தானை அழுத்தியும் மின்தூக்கி வரவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? இன்னும் அழுத்தமாக நாலு தடவை அழுத்துகிறோம். பிள்ளையும் அதைத்தான் செய்வான். அந்த உச்சத்தில் ஒருவர் இளகிவிட்டால், இன்னும் பெரிதாகக் கத்தினால் கிடைக்கும் என்ற புதிய பாடம் பதிந்துவிடும்.

1959இல் கார்ல் வில்லியம்ஸ் எழுதிய ஒரு சிறு குறிப்பு இருக்கிறது, நான் எல்லாருக்கும் சொல்வேன். 21 மாதக் குழந்தை. பிறந்து முதல் ஒன்றரை வருடத்தின் பெரும்பகுதி கடும் நோயில் கிடந்தது. அதனால் பெற்றோர் அது தூங்கும்வரை பக்கத்திலேயே இருந்து பழகினார்கள். நோய் தீர்ந்தது, பழக்கம் தீரவில்லை. படுக்க வைத்துவிட்டு வெளியே போனால் வீறிட்டழும். பெற்றோர் தீர்மானித்து வெளியே வந்துவிட்டார்கள். முதல் முறை 45 நிமிடம் அழுதது. பத்தாவது முறை போகும்போது அழுகையே இல்லை, சிரித்தது. ஒரு வாரம் கழித்து ஆன்ட்டி ஒருவர் குழந்தையைப் படுக்க வைத்தார் (அத்தையா சித்தியா பெரியம்மாவா என்று ஆங்கிலத்தில் எழுதியவர் சொல்லவில்லை). அது சிணுங்கியது, அவர் பாவம் என்று தூங்கும்வரை கூடவே இருந்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நம் வீடுகளில் பாட்டி, தாத்தா, மாமா, பணிப்பெண் என்று எத்தனை பேர். ஒருவர் எப்போதாவது கொடுத்தால், எப்போதும் கொடுப்பதைவிட அது அந்தச் செயலை உறுதியாக்கும். 4டி லாட்டரிச் சீட்டு வாங்குபவர் பல வாரம் ஒன்றும் விழாமலும் வாங்குவதன் பின்னால் இருப்பதும் இதே விதிதான்.

ஆகவே பாட்டியை அமர்வுக்கு வரச் சொல்லுங்கள். அவர் வராமல் எந்தத் திட்டமும் வேண்டாம். எதை நிறுத்துவது என்பதற்கு முன் எதைப் பலப்படுத்துவது என்று பேசுங்கள். பையன் கத்தாமல் ‘பத்து நிமிடம் கழிச்சுச் செய்யட்டுமா?’ என்று கேட்டால் அந்தக் கேள்விக்கு உடனே பலன் இருக்க வேண்டும், அம்மா ‘சரி’ என்று சொல்லியாக வேண்டும். கத்தலும் கேள்வியும் ஒரே தேவைக்கு இரண்டு வழி. இரண்டாவது வழி வேலை செய்தால்தான் முதல் வழி தளரும். பிரம்பைப் பற்றிக் கேட்பார்கள். அடி அந்த நேரத்துக்கு அடக்கும், அடிப்பவர் இருக்கும்வரை அடக்கும். அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்பதை அது கற்பிப்பதில்லை. அடித்தவரைக் கண்டு பயப்படக் கற்பிக்கும். நான் இதில் சமரசம் செய்வதில்லை.

மனச்சோர்வில் படம் வேறு. அங்கே நீங்கும் வேதனையைவிட, வராமல் போன மகிழ்ச்சிதான் பெரிது. பீட்டர் லூவின்சன் 1970களில் சொன்னது, ஒருவர் செய்யும் செயல்களுக்கு உலகம் திருப்பிக் கொடுப்பது குறைந்துவிட்டால் அவர் செயல்களும் குறையும், செயல் குறைந்தால் திரும்ப வருவது இன்னும் குறையும். 1996இல் நீல் ஜேக்கப்சன் குழு, எண்ணங்களை மாற்ற முயலும் முழு அறிவாற்றல் சிகிச்சையையும் அதில் செயல்களைக் கூட்டும் செயல்தூண்டல் பகுதியை மட்டும் கொடுப்பதையும் ஒப்பிட்டது. பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எண்ணங்களோடு வாதாடுவதற்கு முன் கால்களை நடக்க வைப்பதற்கு எனக்குத் தைரியம் கொடுத்த ஆய்வு இது.

மனைவியை இழந்த பெரியவர் ஒருவர், எழுபதை நெருங்குபவர். எட்டு மாதமாக வீட்டை விட்டு இறங்கவில்லை. மனைவியோடு வாரம் தவறாமல் தேக்கா சந்தைக்குப் போனவர். ‘மனசு சரியானா போவேன்’ என்பார். நாங்கள் அதைத் திருப்பிப்போட்டோம்: மனசு எப்படி இருந்தாலும் காலை 7.30க்குக் கீழே புளோக்கின் காப்பிக்கடைவரை. தேக்கா என்று சொல்லக்கூட இல்லை. முதல் வாரம் அதுகூட முடியாமல், சட்டை மாற்றிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டு வந்தார். எனக்கு அது போதும். அடுத்த வாரம் மின்தூக்கி. அதற்கடுத்த வாரம் ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். வந்தவரைப் பார்த்து மகள், ‘இன்னைக்குத்தான் உங்களுக்கு வழி தெரிஞ்சுதா?’ என்று கேட்டாள். மூன்று வாரம் போகவில்லை.

அந்த மகள் அப்பாவை உயிராக நேசிப்பவள், சொன்னது அத்தனை மாதக் கவலையின் வெடிப்பு. ஆனால் குத்தலாகப் பாராட்டுவது நம் வீடுகளில் எவ்வளவு சகஜம் என்று கவனித்துப் பாருங்கள். ‘சூரியன் மேற்கே உதிச்சிடுச்சா’, ‘இப்பவாவது தோணுச்சே’. முதல் சின்ன முயற்சி வெளியே தலைகாட்டும் நொடியில் விழும் அடி அது. படிப்படியாக ஒரு நடத்தையை வடிவமைக்கும்போது, முழுதாக வரும்வரை காத்திருக்காமல் அதை நோக்கிய முதல் அசைவையே வரவேற்க வேண்டும் என்று படிக்கிறோம். அதைத் தமிழ்க் குடும்பத்தில் செய்வதென்றால் பாதி நேரம் இந்த வாக்கியங்களோடு மல்லுக்கட்டுவதுதான். மகளிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அப்பா வந்ததும் ‘கடையில யார் இருந்தாங்கப்பா?’ என்று மட்டும் கேட்கச் சொன்னேன். அவர் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு, எதிரே ஒருவர் அழும்போது என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். 1955இல் ஜோயல் கிரீன்ஸ்பூன் ஒரு சோதனை செய்தார். மனதில் வரும் சொற்களைச் சொல்லிக்கொண்டே போகச் சொன்னார். பன்மைப் பெயர்ச்சொல் வரும்போதெல்லாம் ‘ம்ஹ்ம்’ என்றார். பன்மைச் சொற்கள் கூடின. 1966இல் சார்ல்ஸ் டுரூவாக்ஸ், கார்ல் ராஜர்ஸ் நடத்திய நீண்ட சிகிச்சை ஒன்றின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். நிபந்தனையற்ற ஏற்பை வலியுறுத்திய அந்த மேதையும், நோயாளியின் சில வகைப் பேச்சுக்கு அதிக இதமாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் பதிலளித்திருந்தார். அதிக இதம் கிடைத்த வகைகளில் பல, போகப்போகக் கூடின. ராஜர்ஸைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நம் முகம் கற்பித்துக்கொண்டே இருக்கிறது.

ஒருவர் துயரத்தைச் சொல்லும்போது நாம் முன்னால் சாய்கிறோம், குரல் இளகுகிறது, டிஷ்யூப் பெட்டியை நகர்த்துகிறோம். அதே ஆள் ‘நேத்து தங்கச்சிக்கு போன் பண்ணினேன்’ என்றால் ‘நல்லது’ என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறோம். பல மாதம் இப்படிப் போனால், நம் முன்னால் எது பேசத் தகுந்தது என்று அவர் கற்றுக்கொள்வார். அழுகைக்கு மனம் திறந்து இருங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆனால் அந்தத் தங்கைக்குப் போட்ட அழைப்புக்கும் அதே அளவு முன்னால் சாயுங்கள். எப்போது போட்டீர்கள், எடுத்ததும் தங்கை என்ன சொன்னாள், போனை வைத்ததும் எப்படி இருந்தது?

நம்மவர்களிடம் இன்னொன்றும் உண்டு. ‘சரி சார்’, ‘ஆமாங்க டாக்டர்’ என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றும் செய்யாமல் திரும்பி வருபவர்கள். நான் டாக்டர் இல்லை என்று சொன்னாலும் விடமாட்டார்கள். மறுத்துப் பேசினால் அடியோ அவமானமோ விழுந்த வீட்டிலோ வேலையிடத்திலோ வளர்ந்த பழக்கம் அது. அப்படிப்பட்ட ஒருவர் ஐந்தாவது மாதத்தில் ஒருநாள் தரையைப் பார்த்துக்கொண்டு ‘இல்ல சார், நீங்க சொன்னது எனக்குச் சரியா வரல’ என்றார். இப்படிப்பட்ட நொடிகளுக்காகவே கோலன்பெர்க், சாய் இருவரும் 1991இல் ஒரு சிகிச்சை முறையையே எழுதினார்கள்: வெளியே மாற வேண்டிய நடத்தை அறைக்குள்ளேயே நிகழும்போது, அங்கேயே உண்மையான பலன் கிடைக்க வேண்டும். ‘நீங்கள் மறுத்தது ரொம்ப நல்லது’ என்று பாராட்டுவது பலன் இல்லை, அது வாத்தியார் போடும் நட்சத்திரம். நான் அந்தப் பயிற்சியைக் கைவிட்டு, அவர் சொன்னபடி திட்டத்தை மாற்றினேன். அவர் மறுப்பு உலகில் ஒன்றை நகர்த்தியது. அடுத்த மாதம் மேலாளரிடம் ஓய்வு நாள் பற்றிப் பேசினார், நான் சொல்லி அல்ல.

மிருகம்போல் நடத்துவதா என்ற உங்கள் உறுத்தல் இருக்கட்டும், அதை விட்டுவிடாதீர்கள். 1960களில், 70களில் ஒருபாலீர்ப்பு கொண்ட ஆண்களுக்கு மின்னதிர்ச்சியும் வாந்தி மருந்தும் கொடுத்து ‘மாற்ற’ முயன்றவர்களும் இதே கோட்பாடுகளைத்தான் கையில் வைத்திருந்தார்கள். கோட்பாடு அவர்களைத் தடுக்கவில்லை. யாருக்காக இந்த மாற்றம், இவர் கேட்டாரா, நான் செய்வது இவருக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தால் தடுத்திருக்கும். நான் வரையும் படம் எதையும் எதிரே இருப்பவருக்குக் காட்டாமல் வைத்துக்கொள்வதில்லை. தன்னை எது பழக்குகிறது என்று தெரிந்தவர் கையில் அந்த அறிவு விடுதலையாகிறது, மறைத்து வைப்பவர் கையில் அது கயிறாகிறது.

பயம் எல்லாமே போக்கப்பட வேண்டியதும் இல்லை. கணவர் அடிப்பார் என்று பயப்படும் பெண்ணின் பயம் சரியான பாடம். அவர் வீட்டுக்குப் போகத் தயங்குவதைத் தவிர்ப்பு என்று எழுதி எக்ஸ்போஷர் கொடுப்பது கொடுமை. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. சாக வேண்டும் என்ற எண்ணமோ, மனநோயின் குழப்பமோ தெரிந்தால் உங்கள் மேற்பார்வையாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், மனநலக் கழகத்துக்கோ மருத்துவமனைக்கோ அனுப்பும் வழியைத் தெரிந்து வைத்திருங்கள்.

எங்கே தொடங்குவது என்றால், அடுத்த வாரம் ஒருவருடைய அனுமதியோடு ஓர் அமர்வை ஒலிப்பதிவு செய்யுங்கள். கேட்கும்போது அவர் பேச்சை விடுங்கள், உங்கள் ‘ம்’களை மட்டும் கேளுங்கள். தாளில் மூன்று பத்தி போட்டு, ஒவ்வொரு ‘ம்’முக்கும் முன்னால் அவர் என்ன சொன்னார், உடனே பின்னால் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். இருபது நிமிடம் போதும். அந்தத் தாளை மேற்பார்வைக்கு எடுத்துப் போங்கள்.